வளவில் வளர்ந்த தக்காளி நாற்று குடிலுக்குள் போனதும் சுணங்கினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

குடிலுக்கு மாற்றிய மூன்றாம் நாளோ நாலாம் நாளோதான் பெரும்பாலும் போன் வரும். "தம்பி, நாத்தெல்லாம் வெந்த மாதிரி கெடக்கு. என்ன மருந்து அடிக்கலாம்?" போன ஆவணியில் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி இப்படித்தான் கேட்டார். குரல் கம்மியிருந்தது. 25 நாள் வீட்டு வளவில், அதாவது நடுமுற்றத்தில், வைத்துப் பார்த்துப் பார்த்து வளர்த்த நாற்று கண்ணெதிரே வெளுத்துப்போனால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். "ஆச்சி, மருந்தைக் கீழே வைங்க. வெளுத்தது மேல் இலையா கீழ் இலையா, அத மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

மாற்றிய முதல் பத்து நாளில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி நோயே இல்லை. வெளிச்சம், காற்று, வேருக்குக் கிடைக்கும் ஈரம் மூன்றும் ஒரே நாளில் மாறுவதால் நாற்று திணறுகிறது. அந்த நேரத்தில் மருந்தடித்தால் திணறல் கூடும். ஆனால் உண்மையிலேயே நோயாக இருந்தால் தள்ளிப்போடப் போட குடில் முழுக்கப் பரவிவிடும். அதனால் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு இரண்டு கேள்விகள் போதும். மாற்றி எத்தனை நாள் கழித்து வந்தது? செடியில் எந்த இடத்தில் வந்தது? இவற்றுக்குப் பதில் கையில் இருந்தால் கீழே உள்ளதில் உங்கள் செடியின் கதை எது என்று தெரிந்துவிடும்.

குடில் என்று நான் சொல்வது இங்கே நாம் போடும் இரண்டு வகையையும்தான். ஒன்று, 50 சதவீதப் பச்சை நிழல்வலை கட்டியது. இன்னொன்று, மேலே 200 மைக்ரான் பாலித்தீனும் சுற்றிலும் பூச்சி வலையும் போட்டது. எதில் எந்தத் தொல்லை அதிகம் என்பதை அங்கங்கே சொல்கிறேன்.

மேல் இலைகளில் வெள்ளைத் திட்டு, தொட்டால் காகிதம் போல் இருக்கிறது

மாற்றிய ஒன்றிரண்டு நாளுக்குள் வந்ததா? வெயிலைப் பார்த்த பக்கம் மட்டும் வெளுத்து, ஓர் இலைக்கு அடியில் மறைந்திருந்த இலை பச்சையாகவே இருக்கிறதா? அப்படியானால் அது வெயில் சுட்டது. ஆச்சியின் நாற்றுக்கு வந்ததும் இதுதான்.

நம் வீட்டு வளவு கண்ணை ஏமாற்றிவிடும். நடுவில் வானம் திறந்திருக்கிறது, சுற்றிலும் முட்டை கலந்து தேய்த்த வெள்ளைச் சுவர் பளபளக்கிறது, கீழே ஆத்தங்குடிக் கல்லில் முகம் தெரிகிறது. வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை என்று நினைப்போம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொன்னால், நேர் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். வளவின் தூணோரம் நிழலில் அதில் பத்தில் ஒரு பங்கு விழுந்தாலே அதிகம். 50 சதவீத நிழல்வலைக்குள்ளும் உச்சிவேளையில் 50,000 லக்ஸ் இருக்கும். நிழலில் பிறந்த இலை மெல்லிசாக, மேல்தோல் பூசாமல் வளர்ந்திருக்கும். அதைத் திடீரென்று ஐந்து மடங்கு வெளிச்சத்தில் வைத்தால் தாங்காது.

வெளுத்த இடம் மறுபடி பச்சையாகாது, அதற்காக இலையைக் கிள்ள வேண்டாம். பாதி பச்சை இருந்தாலும் அது செடிக்குச் சோறு போடும். நுனிக் குருத்தைப் பாருங்கள். குருத்து பச்சையாக, விறைப்பாக இருந்தால் செடி பிழைத்துவிட்டது. குடில் வலைக்கு மேல் தென்னங்கீற்றையோ பழைய வேட்டியையோ போட்டு, காலை 11 மணியிலிருந்து மூன்றரை மணி வரை கூடுதல் நிழல் கொடுங்கள். ஐந்து நாள் போதும். அதற்கு மேல் விட்டால் செடி மறுபடி நிழலுக்குப் பழகிவிடும். வேப்பெண்ணெய்க் கரைசலை இந்த நாட்களில் தொடவே வேண்டாம். சுட்ட இலையில் எண்ணெய் பட்டு வெயிலும் விழுந்தால் மிச்சமும் போய்விடும்.

அடுத்த முறைக்கு: நட வேண்டிய நாளுக்கு ஏழிலிருந்து பத்து நாள் முன்பே நாற்று இருக்கும் குழித்தட்டைத் தூக்கி நடக்க ஆரம்பியுங்கள். முதல் இரண்டு நாள் காலை வெயில் ஒரு மணி நேரம், வளவுக்குள்ளேயே வெயில் விழும் கட்டமாகப் பார்த்து. அப்புறம் முகப்புத் திண்ணையில் காலை முழுக்க. ஐந்தாம் நாளிலிருந்து குடிலுக்குள் தட்டோடு, தரையில் வைக்காமல் ஒரு பலகை மேல். கடைசி இரண்டு நாள் இரவும் அங்கேயே இருக்கட்டும். இந்த நாட்களில் தண்ணீரையும் கொஞ்சம் குறையுங்கள். இலை லேசாகத் தளரும்போது ஊற்றினால் போதும். இப்படிப் பழகிய நாற்றின் தண்டு கரும்பச்சையாகி, சில சமயம் லேசான ஊதாவும் ஏறி, விரலுக்குக் கெட்டியாகத் தெரியும்.

மத்தியானம் தொங்குகிறது, சாயங்காலம் நிமிர்கிறது

முதல் மூன்று நாள் இது இயல்பு. வேர் புது மண்ணைப் பிடிக்கவில்லை, இலையோ வெயிலில் தண்ணீரை விட்டுக்கொண்டிருக்கிறது. நிழல் கொடுத்தால் தீர்ந்துவிடும். நாலாம் நாளுக்குப் பிறகும் தொடர்ந்தால்தான் ஒரு சோதனை வேண்டும். இதில் நானே ஒரு முறை தவறிவிட்டேன், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

மண் நன்றாக ஈரமாக இருந்தது. சொட்டுநீர் தினம் ஓடியது. செம்புறாங்கல் கலந்த எங்கள் செம்மண்ணில் கையை வைத்தால் சேறு ஒட்டியது. ஆனாலும் செடி தொங்கியது. தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்து ஒரு நாள் நிறுத்தினேன், இன்னும் தொங்கியது. பொறுக்க முடியாமல் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்துப் பிளந்து பார்த்தேன். சுற்றியுள்ள மண் சொதசொதவென்று இருக்க, நடுவில் குழித்தட்டிலிருந்து வந்த தென்னை நார்த்தூள் கட்டி மட்டும் காய்ந்து, தேங்காய் மட்டையை உதிர்த்தது போலப் பொலபொலவென்று கொட்டியது. வேர் முழுக்க அந்தக் கட்டிக்குள்ளேதான் இருந்தது. ஒரு வேர்கூட வெளியே எட்டிப் பார்க்கவில்லை.

காரணம் எளிது. நார்த்தூள் பொலபொலப்பானது, செம்மண் நுண்ணியது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மண் நார்த்தூளின் ஈரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். சொட்டுநீர் விழும் டிரிப்பரும் செடியிலிருந்து நாலு விரல் தள்ளி இருந்ததால் தண்ணீர் கட்டியைத் தொடவே இல்லை. சரிசெய்வதும் எளிதுதான். முதல் ஒரு வாரம் காலையில் பூவாளியால் தண்டின் அடியிலேயே அரைக் குவளை ஊற்றுங்கள். டிரிப்பரைத் தண்டுக்குப் பக்கத்தில் நகர்த்துங்கள், வேர் வெளியே ஓடிய பிறகு தள்ளி வைக்கலாம். நடும்போது தட்டைத் தண்ணீரில் நன்றாக முக்கி எடுத்து நடுங்கள். கட்டியின் மேல் பகுதி வெளியே தெரியக் கூடாது, ஒரு விரல் கனம் மண் மூட வேண்டும். வெளியே தெரிந்தால் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல உள்ளிருக்கும் ஈரம் மேலே ஏறிக் காற்றில் போய்விடும்.

தட்டில் 30 நாளுக்கு மேல் இருந்த நாற்று என்றால் வேர் குழிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி முடிச்சாகியிருக்கும். நடும்போது கட்டியின் அடியை விரலால் லேசாகப் பிரித்துவிட்டு நடுங்கள்.

காலையிலேயே தொங்குகிறது, இலை பச்சையாகவே இருக்கிறது

இதைச் சாதாரணமாக விடாதீர்கள். இரவெல்லாம் குளிர்ந்த பிறகும் நிமிராத செடிக்கு உள்ளே தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறது என்று பொருள். கட்டியிலும் ஈரம் இருக்கிறது, இலையும் மஞ்சளாகவில்லை, திடீரென்று துவண்டுவிட்டது என்றால் பாக்டீரியா வாடலாக இருக்கலாம்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். தண்டின் அடிப்பகுதியில் இரண்டு விரல் நீளம் அறுத்து, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, அறுத்த முனை தண்ணீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் முனையிலிருந்து பால் நூல் போல வெள்ளையாக இறங்கினால் அதுதான். இறங்கவில்லை என்றால் வேரைக் கழுவிப் பாருங்கள். கொத்துக்கொத்தாக முடிச்சு இருந்தால் வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழு. வேர் பழுப்பாகித் தோல் உரிந்தால் தண்ணீர் தேங்கி அழுகியது.

பால் இறங்கிய செடிக்கு மருந்து கிடையாது. வேரோடும் சுற்றியுள்ள மண்ணோடும் எடுத்து வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். அறுத்த கத்தியைக் கொதிக்கும் நீரில் கழுவுங்கள். அந்தக் குழியில் இன்னொரு தக்காளியோ கத்தரியோ மிளகாயோ வைக்க வேண்டாம், கிருமி மண்ணிலேயே வருடக்கணக்கில் கிடக்கும். இந்தத் தொல்லை ஒரு முறை வந்த இடத்தில் அர்கா ரக்‌ஷக் போன்ற எதிர்ப்புள்ள ரகம் வைப்பது நல்லது. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட வீரிய ஒட்டு ரகம் அது. பாக்டீரியா வாடல், இலைச்சுருள் வைரஸ், முன் இலைக்கருகல் மூன்றையும் தாங்கும். ஒட்டு ரகம் என்பதால் அதன் பழத்திலிருந்து விதை எடுத்து வைத்தால் அதே குணம் வராது. விதை எடுத்து வைக்க வேண்டும் என்பவர்களுக்குப் பெரியகுளத்து பி.கே.எம். 1 தக்காளி ரகம் இருக்கிறது, ஆனால் அதற்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

தண்டின் கழுத்து சுருங்கிச் சாய்கிறது

மண்மட்டத்தில் தண்டு நூல் போல இளைத்துச் செடி மடிந்து விழுகிறது. மூன்று காரணம் உண்டு, மூன்றும் தூரத்திலிருந்து ஒன்று போலவே தெரியும். குனிந்து பார்க்க வேண்டும்.

இளைத்த இடம் நீர் கோத்து, அழுத்தினால் நசுங்கினால் நாற்றழுகல். ஐப்பசி மழையில் குடிலுக்குள் காற்று ஓடாமல் இருக்கும்போது வரும். தண்ணீரை நிறுத்தி, பக்க வலையைத் தூக்கிக் கட்டி, காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து மற்ற செடிகளின் அடியில் ஊற்றுங்கள். விழுந்தது விழுந்ததுதான், எடுத்துவிடுங்கள்.

இளைத்த இடம் காய்ந்து, பழுப்பாகி, மண்மேல் விரித்த மூடாக்குத் தாள் தண்டைத் தொடும் உயரத்தில் சரியாக இருந்தால் அது சூடு. கறுப்புத் தாள் மத்தியானத்தில் கையை வைக்க முடியாதபடி கொதிக்கும். துளையைப் பெரிதாக்கி, ஓரத்தில் ஒரு பிடி மண் அள்ளிப் போட்டுத் தாள் தண்டில் படாமல் செய்யுங்கள். பாலித்தீன் குடிலில் இது அதிகம்.

தண்டு கத்தியால் வெட்டியது போல் அறுந்து, மேல்பாகம் பக்கத்திலேயே கிடந்தால் வெட்டுப்புழு. அந்தக் குழியின் மண்ணை விரலால் கிளறினால் சுருண்டு கிடக்கும், பொறுக்கி எடுத்தால் போதும்.

தண்டு நெடுநெடுவென்று வளர்ந்து சாய்கிறது

இது வீட்டுக்குள்ளேயே தொடங்கிய குறை, குடிலுக்கு வந்த பிறகுதான் கண்ணில் படுகிறது. வெளிச்சம் தேடி நீண்டது, காற்று படாததால் கெட்டிப்படவில்லை. தக்காளிக்கு இதில் ஒரு வரம் உண்டு. தண்டை மண்ணில் புதைத்தால் அங்கிருந்தும் வேர் விடும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே நாலைந்து இலை தெரியும் வரை ஆழமாக நடுங்கள், அல்லது சின்ன வாய்க்கால் போலக் கீறித் தண்டைச் சாய்த்துப் படுக்க வைத்து மூடுங்கள். தலை தானாக நிமிரும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இதைச் செய்ய வேண்டாம், அவை இந்த அளவுக்குத் தண்டில் வேர்விடாது.

வீட்டில் தட்டில் இருக்கும்போதே காலையும் மாலையும் உள்ளங்கையால் நாற்றின் தலைமேல் பத்துப் பதினைந்து முறை மென்மையாகத் தடவிவிடுங்கள். காற்றில் ஆடியது போலச் செடி எடுத்துக்கொண்டு குட்டையாக, தடியாக வளரும். எங்கள் அப்பத்தா பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குத் தலை வாரிவிடுவது போல இதைச் செய்வார்.

இலை சுருள்கிறது

எல்லாச் சுருளும் வைரஸ் இல்லை. ஆனால் எல்லாரும் முதலில் பயப்படுவது அதற்குத்தான்.

கீழ் இலைகள் மட்டும் மேல்நோக்கிச் சுருண்டு, தோல் போலத் தடித்து, நிறம் மாறாமல் இருந்தால் சூடும் தண்ணீர்க் குறையும்தான் காரணம். செடி தன் இலைப்பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. விட்டுவிடலாம்.

குருத்து இலைகள் சின்னதாகி, ஓரம் மஞ்சள் பாய்ந்து, கிண்ணம் போல மேல்நோக்கிக் குவிந்து, செடி வளராமல் நின்றால் வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருள் வைரஸ். வைரஸ் ஏறி அறிகுறி தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆக, மாற்றிய முதல் வாரத்திலேயே தெரிந்தால் அது குடிலில் வந்ததில்லை, நாற்றங்காலிலேயே ஏறிவிட்டது. திறந்த வளவில் வெள்ளை ஈ தாராளமாக இறங்கும். நான் இப்போது தட்டுகளை 50 மெஷ் (அங்குலத்துக்கு 50 கண்) வலைக் கூண்டுக்குள்தான் வைக்கிறேன். அறிகுறி கண்ட செடியைக் காலையில் ஈ பறக்கும் முன் பையால் மூடிப் பிடுங்குங்கள். பாவம் பார்த்து விட்டால் அதிலிருந்து மற்றதற்குப் போகும். மஞ்சள் ஒட்டும் அட்டையைச் செடியின் தலை உயரத்தில் கட்டுங்கள், கூரை உயரத்தில் கட்டிப் பயனில்லை. பச்சை நிழல்வலை வெள்ளை ஈயைத் தடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

குருத்து கீழ்நோக்கி மடங்கி, இலையின் அடிப்பக்கம் வெண்கலச் செம்பு போல மினுங்கினால் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன். நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம் கேட்கும். ஆனால் சாயங்காலம் மட்டும், வெக்கை கூடிய நாளில் வேண்டவே வேண்டாம். நம் சித்திரை, வைகாசி வெயிலில் கந்தகம் இலையைச் சுட்டுவிடும்.

இன்னொன்று இருக்கிறது, அதை யாரும் சந்தேகப்படுவதில்லை. இலை முறுக்கிக்கொண்டு, நரம்பெல்லாம் ஒன்றுக்கொன்று இணையாக நெருங்கி, வெந்தயக்கீரைத் தண்டு போலக் குருத்து திருகி நின்றால், தெளிப்பான் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஒருமுறை அவசரத்துக்குத் தெரிந்தவர் வயலிலிருந்து தெளிப்பான் இரவல் வாங்கி, நோய் தடுக்கும் நன்மை பாக்டீரியாவான சூடோமோனாஸ் அடித்தேன். அதற்கு முன் அதில் நெல்லுக்கு 2,4-டி களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள். கழுவித்தான் கொடுத்தார்கள். அப்படியும் இரண்டு வரிசை திருகிப்போயிற்று. தக்காளிக்கு அந்த மருந்தின் வாசனை போதும். குடிலுக்கென்று ஒரு தெளிப்பான் தனியாக வாங்கி வையுங்கள், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

இலையின் அடிப்பக்கம் ஊதா ஏறுகிறது

தண்டில் லேசான ஊதா என்றால் வெயிலுக்குப் பழகுகிறது, நல்லது. இலை நரம்பெல்லாம் ஊதாவாகி வளர்ச்சியும் நின்றால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) கிடைக்கவில்லை. குளிர் தேசத்தில் குளிரால் வேர் மணிச்சத்தை எடுக்காது. நம் ஊரில் மார்கழி இரவுக்கும் அந்தக் குளிர் கிடையாது. இங்கே வேர் தண்ணீரில் மூழ்கி மூச்சுத் திணறுவதாலோ, இரும்பு மிகுந்த செம்மண் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதாலோ வரும். முதலில் மண்ணைக் கொஞ்சம் காயவிடுங்கள். பிறகு தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு 2 கிராம் கலந்து வேரில் ஊற்றுங்கள். பழைய இலை மாறாது, புது இலை பச்சையாக வந்தால் சரி.

இலை ஓரம் கருகி, மண்மேல் வெள்ளை பூக்கிறது

உப்பு. கழுவாத நார்த்தூளிலிருந்தோ போர் தண்ணீரிலிருந்தோ வந்தது. நார்த்தூள் கட்டியை வாங்கியதும் ஊறவைத்துப் பிழிந்து, கழுவிய தண்ணீர் காப்பி நிறம் மாறித் தெளியும் வரை மூன்று நான்கு முறை கழுவ வேண்டும். இப்போது கருகிக்கொண்டிருக்கும் செடிக்கு நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி உப்பைக் கீழே இறக்குங்கள், உரத்தைப் பத்து நாள் நிறுத்துங்கள்.

நல்ல தண்ணீருக்கு நம் வீட்டிலேயே வழி இருக்கிறது. நாலு பக்க ஓட்டிலிருந்தும் வளவுக்குள் கொட்டும் மழையை அண்டா வைத்துப் பிடித்த வீடுகள் இவை. நாற்றுக்கு அந்தத் தண்ணீரை மிஞ்ச ஒன்று இல்லை. முதல் மழையை விட்டுவிட்டு இரண்டாம் மழையிலிருந்து பிடியுங்கள். போர் தண்ணீரை நம்பித்தான் ஆக வேண்டும் என்றால் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் பரிசோதனைக்குக் கேட்டுப் பாருங்கள்.

எல்லாம் நன்றாக வளர்ந்து, பூ மட்டும் உதிர்கிறது

பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 24க்குக் கீழே இறங்காமல் இருந்தால் தக்காளி மகரந்தம் வேலை செய்யாது. பங்குனிக்குப் பிறகு பாலித்தீன் குடிலில் பூப் பார்க்க நினைத்தால் இதுதான் நடக்கும். ஆவணியில் விதைத்து மார்கழி, தையில் காய் பார்ப்பதுதான் இந்த மண்ணுக்குப் பொருத்தம். வெப்பமானியைச் செடியின் உயரத்தில், நிழலில் தொங்கவிடுங்கள், கூரையடியில் தொங்கினால் கணக்கு தப்பும்.

வெப்பம் சரியாக இருந்தும் உதிர்கிறது என்றால் வலைக்குள் காற்று இல்லை. தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒரே பூவில்தான், ஆனால் மகரந்தம் உதிர ஓர் ஆட்டம் வேண்டும். வெளியே காற்றும் வண்டும் செய்யும் வேலையை உள்ளே நாம் செய்ய வேண்டும். பனி காய்ந்த பிறகு, காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள், செடி கட்டிய கம்பியை ஒரு குச்சியால் இரண்டு தட்டு தட்டிக்கொண்டே வரிசையில் நடந்து போங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தாலே போதும். கானாடுகாத்தான் ஆச்சி இப்போது காலைக் காப்பி குடித்ததும் இதைத்தான் செய்கிறார். வெளுத்த நாற்றில் நான்குதான் போயிற்று, மற்றதெல்லாம் தையில் காய்த்தது.